கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் மை எதற்கு?

“நான் கறுப்புல மட்டும்தானே அடிக்கிறேன், அப்புறம் கலர் எப்படித் தீர்ந்துபோகுது?” வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் கேட்கிற கேள்வி இது. இன்னும் ஒரு படி மேலே போய், “மஞ்சள் இல்லேன்னு சொல்லி பையனோட ஹால் டிக்கெட்டையே அடிக்க மாட்டேங்குது சார்” என்று பிரிண்டரைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு பிரிண்டர் ரிப்பேரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம்ம ஊரில் எழுதப்படாத சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

நான் இருப்பது மரக்காணம் பக்கம். விழுப்புரம் மாவட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலை. ரோட்டில் போகும்போதே உப்பளப் பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் தெரியும். பக்கத்தில் கழுவேலி ஏரி. காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற இடமும் இதுதான். இங்கே வீட்டு பிரிண்டரில் அடிப்பது பெரும்பாலும் பட்டா நகல், சான்றிதழ், வங்கி விண்ணப்பம், பிள்ளைகளின் ப்ராஜெக்ட். என் வீட்டில் கூடுதலாகக் கல்வெட்டுப் பக்கங்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளின் பழைய ஸ்கேன்களைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு. ஸ்கிரீனில் படித்தால் ஏனோ மண்டையில் ஏறுவதில்லை.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இங்க்ஜெட்டுக்கு ஒரே கறுப்பு கிடையாது, இரண்டு கறுப்பு உண்டு. ஒன்று, கறுப்பு மையால் அடிப்பது. இன்னொன்று, நீலம், ரோஸ், மஞ்சள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கறுப்பு மாதிரி காட்டுவது. எதை எடுப்பது என்று பிரிண்டரின் டிரைவர் முடிவு பண்ணுகிறது. நாம் தாளில் பார்ப்பது இரண்டிலும் கறுப்பு எழுத்துதான். ஆனால் அந்தத் தாள் நனைந்தால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காசைவிட அதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. விரிவாகப் பார்ப்போம்.

இங்க்ஜெட் என்பது மையைத் துளித்துளியாகத் துப்புகிற இயந்திரம். துப்புவதற்கு இரண்டு வழி. எச்பியும் கேனனும் சூட்டை நம்புகின்றன: ஒரு குட்டி ரெசிஸ்டர் சில மைக்ரோவினாடிகளுக்கு ஏறத்தாழ 300 டிகிரி சூடாகும், மையில் ஒரு நீராவிக் குமிழி கிளம்பும், அது ஒரு துளியை வெளியே தள்ளும். எப்சனில் மின்சாரம் கொடுத்தால் வளைகிற பீசோ படிகம், மைக்கூட்டை நசுக்கித் துளியைத் தள்ளுகிறது. கேனனில் 1977-ல் இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் குழுவில், சூடான சால்டரிங் அயர்ன் நுனி தற்செயலாக மை நிரப்பிய ஊசியில் பட்டு மை பீய்ச்சியதாம். அங்கிருந்து பிறந்தது முதல் வழி என்பது அந்த நிறுவனம் பெருமையோடு சொல்கிற கதை. எச்பியில் ஜான் வாட் என்பவர் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். எச்பியின் முதல் மாடலான திங்க்ஜெட் 1984-ல் கடைக்கு வந்தது.

துளியின் அளவு பிகோலிட்டரில், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருகிற அளவில். இப்படிச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. வேறு மாதிரி பார்ப்போம். கேனன் ஜி வரிசை டேங்க் பிரிண்டருக்கான 790 கறுப்பு பாட்டில் 135 மில்லி. 6000 பக்கம் வரும் என்கிறார்கள். வகுத்தால் பக்கத்துக்கு 0.0225 மில்லி. எப்சனின் 003 கறுப்பு 65 மில்லி, 4500 பக்கம், பக்கத்துக்கு 0.0144 மில்லி. சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து விழுகிற ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அப்படியென்றால் ஒரு முழுப்பக்க எழுத்து, அரைச் சொட்டு மைக்கும் குறைவு! இந்த அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் துளிகளுக்கு நடுத்தரம் கிடையாது. விழுந்தால் புள்ளி, விழாவிட்டால் வெள்ளைத்தாள். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தூவ வேண்டும். சிலமாடல்கள் துளியின் பருமனைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தூவல் கணக்கு. 1976-ல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ‘பிழையைப் பக்கத்துப் புள்ளிக்குத் தள்ளிவிடும்’ முறை காலேஜில் கிராஃபிக்ஸ் பேப்பரில் வந்தது. பாஸ் ஆனதும் மறந்துவிட்டேன். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் நம் மேஜைமேல் வேலை பார்க்கின்றன.

இப்போது நிறம். ஸ்கிரீன் ஒளியைக் கூட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். தாளோ மேலே விழும் வெளிச்சத்தில் சிலதை விழுங்கி மீதியைத் திருப்புகிறது. அதனால் தாளுக்கு எதிர்நிறங்கள் வேண்டும்: சயான் என்கிற பச்சை கலந்த நீலம், மஜெந்தா என்கிற ரோஸ், மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் எல்லா ஒளியையும் விழுங்கிக் கறுப்பாக வேண்டும் என்பது தியரி. நிஜத்தில் எந்தச் சாயமும் அவ்வளவு சுத்தமில்லை. மூன்றையும் கொட்டினால் கிடைப்பது ஒரு கரும்பழுப்பு, சில சமயம் கரும்பச்சை. போதாததற்கு ஒரே இடத்தில் மூன்று துளி ஈரம். சாதாரணத் தாள் ஊறி அலையலையாக நெளியும்.

நான்காவதாகக் கறுப்பு மை வைத்தது இதற்காகத்தான். அப்படி வைக்காமல் ஓட்டிப் பார்த்த காலமும் உண்டு. 1991-ல் வந்த எச்பி டெஸ்க்ஜெட் 500சி-யில் கார்ட்ரிட்ஜ் உட்கார ஒரே இடம். கறுப்பைப் போட்டால் கறுப்பு மட்டும். கலரைப் போட்டால் மூன்று வண்ணம், எழுத்துக்கும் அதே கலப்படக் கறுப்புதான். அடுத்து வந்த 550சி-யில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் வாங்குகிற இரட்டைக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்கள் அந்த வம்சம்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பல வீட்டு பிரிண்டர்களில் கறுப்பு மையும் கலர் மையும் வெவ்வேறு ஜாதிப் பொருட்கள். கலர் மை என்பது சாயம். தண்ணீரில் சர்க்கரை கரைவது மாதிரி முழுக்கக் கரைந்திருக்கும்; தாளின் நாருக்குள் இறங்கிவிடும். கறுப்பு மை, பிக்மெண்ட் என்று அட்டையில் போட்டிருந்தால், கரையாத துகள். தண்ணீரில் மிதக்கவிட்ட கரித்தூள் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தாளுக்குள் இறங்க, கரி மேலேயே தங்கும். அதனால்தான் எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. கேனன் ஜி வரிசையின் 790 மையில் கறுப்பு பிக்மெண்ட், மற்ற மூன்றும் சாயம். எச்பி டேங்க் பிரிண்டர்களின் ஜிடி51 கறுப்பும் ஜிடி52 கலரும் அப்படியே. நான்குமே சாயமாக உள்ள மாடல்களும் உண்டு. எப்சனின் பழைய 664 மை அந்த வகை. வாங்கும்போது பாட்டில் அட்டையைப் படிக்கிற நல்ல பழக்கம் நம்மிடம் இல்லை, மாத்திரை அட்டையையே படிப்பதில்லை.

கரி என்றதும் ஓலைச்சுவடி ஞாபகம் வராமல் இருக்காது. எழுத்தாணியால் கீறிய கோட்டில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். கீறலில் கரி தங்கி எழுத்து தெரியும். கல்வெட்டைப் படியெடுக்கும்போதும், ஈரத் தாளைக் கல்மேல் அடித்து ஒட்டவைத்து, மேலே கறுப்பு மையைத் தட்டித் தட்டி ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் விழும். கரி தண்ணீரில் கரையாது, வெயிலில் லேசில் வெளுக்காது. கண்ணுக்குப் போடும் மைக்கும் எழுதும் மைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது; இரண்டும் ஒரு காலத்தில் அதே விளக்குக்கரி. கார்ட்ரிட்ஜ் காலத்து வேதியியல் பண்ணியிருப்பது, அந்தக் கரித்துகளை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியாக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரில் மிதக்கவைத்ததுதான்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் உப்பளமெல்லாம் மூழ்கி ஒரே ஏரி மாதிரி கிடந்தது. அந்த வாரம் தெருவில் வீட்டுக்கு வீடு கொடியில் துணிக்குப் பக்கத்தில் காகிதம் காய்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, “தம்பி, இதுல எதுனா தேறுமா பாரு” என்றார். அதில் இரண்டு பிரிண்ட் அவுட். ஒன்று, வெறும் எழுத்து. தாள் பழுப்பேறி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. இன்னொன்று, பளபளப்பான தாளில் யாரோ ‘நல்லா வரட்டும்’ என்று போட்டோ செட்டிங்கில் அடித்துக் கொடுத்த மகளின் மதிப்பெண் பட்டியல் நகல். எழுத்து இருந்த இடமெல்லாம் ரோஸும் நீலமும் படர்ந்து, ஓரத்தில் மஞ்சள் கசிந்து, ஹோலி கொண்டாடிய சட்டை மாதிரி இருந்தது. அடித்தபோது இரண்டுமே கறுப்பு எழுத்துதான். அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருந்ததால் அந்த அம்மா தப்பித்தார்.

இதை நீங்கள் புயல் வராமலே சோதிக்கலாம். ஒரு கறுப்பு எழுத்தை அடித்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அப்படியே நின்றால் கரி. சாம்பல் கலந்த நீலமாகக் கசிந்தால் கறுப்புச் சாயம். ரோஸ், நீலம், மஞ்சள் என்று வட்டம் வட்டமாகப் பிரிந்தால் மூன்று வண்ணக் கலவை. பள்ளியில் ஸ்கெட்ச் பேனா மையை வடிதாளில் பிரித்துக் காட்டுவார்களே, அதே சோதனை. தண்ணீர் வேண்டாமென்றால் ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கலவையில் எழுத்தின் ஓரத்தில் கலர்ப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும்.

சரி, டிரைவர் எப்போது எந்தக் கறுப்பை எடுக்கிறது?

முதல் காரணம் தாள். பளபளப்பான போட்டோ தாளின் மேல்பூச்சு சாயத்தைக் குடிப்பதற்காகச் செய்தது. கரித்துகள் அதில் பிடிக்காமல் மேலே உட்கார்ந்து, கை பட்டால் ஈஷிக்கொள்ளும். ஆகவே தாள் வகையில் ‘போட்டோ’ அல்லது ‘கிளாஸி’ என்று தேர்ந்தெடுத்த நொடியே, பிக்மெண்ட் கறுப்பு வைத்திருக்கிற பல பிரிண்டர்கள் அதை ஓரம்கட்டிவிட்டு மூன்று வண்ணத்தைக் கலக்க ஆரம்பித்துவிடும். உள்ளே நீங்கள் வைத்தது சாதாரண ஏ4 தாளாக இருந்தாலும் சரி; வீட்டு பிரிண்டரில் பெரும்பாலானவை தாளைத் தொட்டுப் பார்ப்பதில்லை, நீங்கள் மெனுவில் சொன்னதை நம்புகின்றன. நிறம் பூசிய கட்டத்துக்குள் கறுப்பு எழுத்து இருந்தாலும் சில டிரைவர்கள் கலவைக்குப் போகும். இரண்டு ஜாதி மையும் ஈரமாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் ஒன்றுக்குள் ஒன்று பாயும் என்ற பயம்.

இரண்டாவது, ‘கிரேஸ்கேல்’ என்ற சொல். இதை ‘கறுப்பு மை மட்டும்’ என்று படிப்பதுதான் ஊரெல்லாம் வழக்கம். டிரைவருக்கு அதன் பொருள் ‘முடிவில் படம் சாம்பலாகத் தெரியட்டும்’ என்பதுதான். கலர் மையும் சேரலாம் என்று கேனன் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. காரணமும் நியாயமானதே: வெளிர்சாம்பலைக் கறுப்புப் புள்ளிகளால் மட்டும் தூவினால் ரவை தெளித்த மாதிரி தெரியும், மெல்லிய வண்ணங்களால் நிரப்பினால் வழவழப்பாக வரும். எச்பி டிரைவரில் இதையே இரண்டாகப் பிரித்து, ‘உயர்தர கிரேஸ்கேல்’ என்றும் ‘கறுப்பு மை மட்டும்’ என்றும் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த நேர்மைதான். எல்லாக் கம்பெனியும் இப்படிப் பெயர் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாவது காரணம் ஃபைல். என் மஞ்சள் மையைக் குடித்தது இதுதான். வேர்டில் நாம் அடிக்கும் எழுத்து சுத்தக் கறுப்பு: சிவப்பு 0, பச்சை 0, நீலம் 0. அதில் சந்தேகமில்லை. இணையப் பக்கங்களின் எழுத்தோ பல இடங்களில் 51, 51, 51 மாதிரி ஒரு கரும்சாம்பல். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று டிசைனர்கள் வைத்தது. டிரைவருக்கு அது கறுப்பில்லை, அதனால் வண்ணம் கலக்க வாய்ப்பிருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் இதைவிட மோசம். அதில் எழுத்து என்று எதுவுமே கிடையாது, முழுக்கப் படம். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற இடம் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் நீலம். வெள்ளையாகத் தெரிகிற இடம் வெள்ளையில்லை.

கல்வெட்டுத் தொகுதிகளின் ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். முதல் தொகுதி வந்தது 1890-ல். நூறு வருடப் பழசான தாள் மோர்க்குழம்பு நிறத்தில் இருக்கும். என்னிடம் இருந்த ஒரு பக்கத்தின் பின்னணியைக் கிளிக் செய்து பார்த்தால் 245, 235, 210. இதை எதிர்நிறத்துக்கு மாற்ற 255-லிருந்து கழித்து 255-ஆல் வகுக்கலாம். சயான் 4 சதவீதம், மஜெந்தா 8, மஞ்சள் 18. மொத்தம் சுமார் 30 சதவீதம், அதுவும் தாள் பூராவும், ஓரம் வரைக்கும். சாதாரண எழுத்துப் பக்கத்தில் மை விழும் பரப்பு 5 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. அதாவது எழுத்துக்கு ஆகிற மையைப் போல் ஆறு மடங்கு, அந்தப் பழைய தாளின் அழுக்கை நகலெடுக்கவே செலவாகிறது. மேலே சொன்ன 0.0225 மில்லியை 5 சதவீதத்துக்கு வைத்தால், 18 சதவீத மஞ்சளுக்கு ஒரு பக்கத்துக்கு 0.08 மில்லி. ஒரு வண்ணத்துக்கு 2 மில்லி பிடிக்கிற சின்னக் கார்ட்ரிட்ஜாக இருந்தால் 25 பக்கத்தில் மஞ்சள் காலி! டிரைவர் உள்ளே வேறு கணக்குகளும் போடும், துளியின் பருமனும் வண்ணத்துக்கு வண்ணம் மாறும், ஆகவே இது தோராயம்தான். ஆனாலும் கறுப்புப் புத்தகம் அடித்து மஞ்சள் தீர்கிற மர்மம் இதற்குள்ளேயே இருக்கிறது.

மருந்து சுலபம். ஸ்கேனை அடிப்பதற்கு முன் சுத்தமான கறுப்பு–வெள்ளையாக மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் 0 அல்லது 1, நடுவில் எதுவும் கூடாது. எந்த அளவுக்கு மேல் வெள்ளை என்று எல்லைக்கோடு போடுவதற்கு நொபுயுகி ஓட்சு 1979-ல் ஒரு அழகான வழி சொன்னார். படத்தின் புள்ளிகளைக் கறுப்புக் கூட்டம், வெள்ளைக் கூட்டம் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் சிதறல் மிகக் குறைவாக இருக்கும் கோட்டைத் தேர்ந்தெடுப்பது. ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையை உட்கார்ந்த இடத்தில் செய்துகொடுக்கிறது. மதிப்பெண் பட்டியல், பட்டா நகல் எதையும் ஃபோனில் படமெடுத்து அடிப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: பெரும்பாலான ஸ்கேனர் ஆப்களில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்றொரு ஃபில்டர் இருக்கிறது. அதைத் தட்டினால் மேஜையின் நிழலும் தாளின் மஞ்சளும் போய்விடும்.

இதெல்லாம் சரிபண்ணியும் கலர் குறைகிறது என்றால் மிச்சமிருக்கிற ஆள் ஹெட் கிளீனிங். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் உப்பளத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கடல்நீர் போமே அளவில் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைக்கக் காயவைக்க டிகிரி ஏறும். சுமார் 25 வரும்போதுதான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். அதுவரை எத்தனை நாள் பார்த்தாலும் வெறும் தண்ணீர்தான். அந்த எல்லை தாண்டியதும் மளமளவென்று கெட்டிப்படும். நாஸில் வாயில் நிற்கிற மையும் ஒரு பாத்திதான். ஓட்டையின் விட்டம் தலைமுடியில் மூன்றில், நான்கில் ஒரு பங்கு. அதில் வெளிக்காற்றைப் பார்த்தபடி ஒரு இம்மி மை. தண்ணீர் ஆவியாகப் போகும், சாயமும் துகளும் போகாது. தாமதப்படுத்தக் கிளிசரின் மாதிரி ஈரம் பிடிக்கும் பொருட்களைக் கலந்திருக்கிறார்கள். வேலையில்லாதபோது ஹெட் ஒரு ரப்பர் மூடிமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியும் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் எல்லை தாண்டிவிடும். உப்புக்குப் பதில் மை பூக்கும்.

பிரிண்டருக்கு இது தெரியும். ஆகவே அவ்வப்போது தானாகவே எல்லா நாஸிலிலிருந்தும் கொஞ்சம் துப்பும். அடைத்திருந்தால் மூடி வழியாகப் பம்ப் வைத்து உறிஞ்சும். பல மாடல்களில் நான்கு வண்ணத்துக்கும் சேர்த்து ஒரே மூடி, ஒரே பம்ப். கறுப்பில் ஒரு கோடு விட்டிருக்கிறது என்று ‘கிளீனிங்’ கொடுத்தால் மூன்று கலரும் சேர்ந்தே இழுக்கப்படும். கேனனின் சில மாடல்களில் கறுப்பு, கலர் என்று பிரித்துக் கொடுக்க இடமிருக்கிறது, இருந்தால் பயன்படுத்துங்கள். உறிஞ்சிய மையெல்லாம் அடியில் ஒரு பஞ்சுத் திண்டில் போய்ச் சேர்கிறது. அட்டைமேல் போட்டிருக்கும் பக்கக் கணக்கில் இந்த மை வராது. அது ஐஎஸ்ஓ 24712 மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்து எடுத்த கணக்கு. மாதம் நான்கு பக்கம் அடிக்கிற வீட்டில், தாளுக்குப் போன மையைவிடத் திண்டுக்குப் போன மை அதிகமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடலோரக் காற்று ஈரமானதால் நாஸில் கொஞ்சம் மெதுவாகத்தான் காயும்; அது லாபம். நஷ்டம் வேறு பக்கம். காற்றில் வரும் உப்புத்தூள், ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கசகசக்கும். ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்தால் தெரியுமே, அதுதான். அந்தக் கசகசப்பு கார்ட்ரிட்ஜின் செம்புத் தொடுமுனைகளில் படிந்து பச்சை பூத்தால், மை நிறைய இருந்தும் ‘கார்ட்ரிட்ஜைக் காணோம்’ என்று பிரிண்டர் சொல்லும். பஞ்சு உதிராத துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், எங்கள் ஊர் போரில் அதே உப்புதான் வரும். மழைக்காலத்தில் தாளும் ஈரம் குடித்திருக்கும்; சாயம் அதில் நார் வழியாகப் படர்ந்து எழுத்துக்கு மீசை முளைக்கும். கட்டைப் பிரித்தால் மீதித் தாளை ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, பிளக்கில் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம். அச்சடித்துக்கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால், இல்லை கரண்ட் போனால், ஹெட் பாதி வழியில் மூடியில்லாமல் நின்றுவிடும். ராத்திரி பூராவும் திறந்த பாத்தி. பிரிண்டரின் பட்டனை அழுத்தி அது தானாக அடங்கிய பிறகு பிளக்கை அணையுங்கள். கரண்ட் போய் வந்தால் ஒரு தடவை ஆன் செய்து, மறுபடி பட்டனிலேயே ஆஃப் செய்துவிடுங்கள்.

கடைசியாக அந்த ஹால் டிக்கெட் கேள்வி: மஞ்சள் தீர்ந்தால் கறுப்பு ஏன் நிற்க வேண்டும்? இதில் பாதி நியாயம், பாதி வியாபாரம் என்பது என் எண்ணம். நியாயம் என்னவென்றால், சூட்டு முறையில் மைதான் ரெசிஸ்டரைக் குளிர்விக்கிறது. மையில்லாமல் சூடேற்றினால் அது கருகும். பீசோ முறையில் காலி டேங்கிலிருந்து காற்று ஹெட்டுக்குள் போய்விடும், வெளியேற்றுவது பெரும்பாடு. ஆனால் கறுப்பு மட்டும் அடிக்கிற வேலையில் மஞ்சள் நாஸிலைத் தொடாமல் இருக்க மென்பொருளால் முடியாதா என்ன? முடியும் என்று சில கம்பெனிகளே காட்டியிருக்கின்றன. எச்பியின் இரட்டைக் கார்ட்ரிட்ஜ் மாடல்கள் பலவற்றில் காலியான கலர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி எடுத்துவிட்டால், ஒற்றைக் கார்ட்ரிட்ஜ் முறையில் கறுப்பு மட்டும் அடிக்கும். எப்சனின் சில கார்ட்ரிட்ஜ் மாடல்கள் கலர் தீர்ந்த பிறகும் சாதாரணத் தாளில் கறுப்பை மட்டும் சில நாள் அடிக்க அனுமதிக்கும். எதுவுமே விடாத மாடல்களும் சந்தையில் உண்டு. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ‘நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்’ என்று கேட்பதற்குப் பதில், ‘கலர் தீர்ந்தா கறுப்பு அடிக்குமா, கறுப்பு பிக்மெண்ட்டா’ என்று கேளுங்கள். முதல் தடவை கொஞ்சம் முழிப்பார், அடுத்த தடவை போவதற்குள் தெரிந்து வைத்திருப்பார்.

என் பிரிண்டரில் இப்போது இரண்டு ப்ரீசெட் சேமித்து வைத்திருக்கிறேன். முதலாவது ‘ஆவணம்’: சாதாரணத் தாள், ஸ்டாண்டர்ட் தரம், கறுப்பு மை மட்டும், ஓரம் விட்டு அடிப்பது. வீட்டில் யார் அடித்தாலும் இதுதான் முதலில் வரும். இரண்டாவது ‘போட்டோ’, அதைக் கைமுறையாகத் தேடிப்போய் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாஸில் செக் பக்கம். அதில் நான்கு வண்ணத்திலும் சில மெல்லிய கோடுகள்தான், கிளீனிங்குக்கு ஆகும் மையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. தாளையும் வீணாக்குவதில்லை. பின்பக்கத்தில் அந்த வாரத்துக் கல்வெட்டை அடித்துக்கொள்கிறேன், பழுப்பையெல்லாம் கழித்துவிட்டு.